விமானத்தில் ஸ்கீ கொண்டுசெல்லக் கடினப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் ஒரு ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கடையின் பின்னறையில் பல குளிர்காலங்களாகப் பழுதுபார்க்கும் வேலை செய்து வருகிறேன். கல்கரிக்குப் பறந்து பான்ஃப், லேக் லூயிஸ் பக்கமோ, வன்கூவருக்குப் பறந்து விசிலருக்கோ சறுக்கச் செல்லும் நம்மவர்கள் மார்கழி பிறந்ததும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

துணிப் பையே போதும் என்கிறார்கள். கடினப் பெட்டி உண்மையிலேயே தேவையா?

ஆண்டுக்கு ஒருமுறை, இடையில் விமானம் மாறாமல் செல்பவருக்கு, உள்ளே தடித்த மெத்தை வைத்துத் தைத்த துணிப் பை போதும். பெட்டி விற்கும் கடையில் நின்றுகொண்டே இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். விமானம் மாறிச் செல்பவர்களும், விலை கூடிய ஸ்கீ வைத்திருப்பவர்களும், ஒரு பருவத்தில் மூன்று நான்கு தடவை பறப்பவர்களும் கடினப் பெட்டி வாங்கினால் அந்தச் செலவு வீண் போகாது.

எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். ஸ்கீயின் நடுவில் மரம் இருக்கிறது. அதன் மேலும் கீழும் கண்ணாடி நார் அடுக்குகள், அடியில் வழுக்கும் பொலிஎதிலீன் தளம், இரு ஓரங்களிலும் உருக்கு விளிம்பு. எல்லாம் பசையால் ஒட்டப்பட்டு அழுத்தி எடுக்கப்பட்டவை. வளைவதற்கென்றே செய்யப்பட்ட பொருளாகையால் ஓரளவு வளைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நுனியிலோ வாலிலோ நேராக விழும் குத்தை அது தாங்காது. சென்ற ஆண்டு ஒருவர் கொண்டுவந்த ஸ்கீயின் வால், வாழைத்தண்டின் மடல் பிரிவதுபோல் அடுக்கடுக்காக வாய் பிளந்து நின்றது, அந்தப் பிளவுக்குள் ஒரு நாணயத்தைச் செருகலாம்.

அந்த ஸ்கீ வந்தது கடினப் பெட்டியில்தான். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பத்து செ.மீ. வெற்றிடம் விட்டு அடைத்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கி நிமிர்த்திய ஒவ்வொரு முறையும் ஆறு கிலோ எடை வழுக்கி இறங்கி, வாலால் பெட்டியின் அடியில் மோதியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் அடியைப் பெட்டி தடுக்கும். உள்ளே ஸ்கீ ஓடி விளையாடுவதைத் தடுப்பது நம் வேலை. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விடயத்தைச் சுற்றியே வரும்.

இவ்வளவு சிரமப்படுவதற்கு அங்கேயே வாடகைக்கு எடுத்தால் என்ன?

பலருக்கு அதுதான் சரியான முடிவு. நாள் வாடகையைச் சறுக்கும் நாட்களால் பெருக்கிப் பாருங்கள். மறுபுறத்தில் போகவும் வரவும் விமானப் பொதிக் கட்டணத்தையும் பெட்டியின் விலையையும் எழுதுங்கள். மூன்று நாள் பயணத்துக்கு வாடகையே மலிவாக வரும், ஒரு கிழமைக்கு மேல் தங்குபவர்களுக்குக் கணக்கு மாறலாம்.

ஆனால் சப்பாத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஸ்கீ கொஞ்சம் மாறினாலும் ஒப்பேற்றிவிடலாம். காலுக்கு அமையாத சப்பாத்து முதல் நாள் மதியத்துக்குள்ளேயே பயணத்தைக் கெடுத்துவிடும். சொந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கீயை மட்டும் அங்கே வாடகைக்கு எடுப்பவர்களே என் கணிப்பில் கெட்டிக்காரர்கள்.

என் ஸ்கீயில் 172 என்று எழுதியிருக்கிறது. எத்தனை செ.மீ. பெட்டி வாங்க வேண்டும்?

எழுதியிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். சில நிறுவனங்கள் அடிப்பக்கத்தின் வளைவோடு சேர்த்து அளக்கின்றன, சில நுனிக்கும் வாலுக்கும் இடையே நேர்கோட்டில் அளக்கின்றன. ஆகவே ஒரே எண் உள்ள இரண்டு ஸ்கீகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. இரண்டு ஸ்கீகளையும் அடியோடு அடி சேர்த்துக் கட்டி, சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்க வைத்து, நாடாவால் நீங்களே அளந்து பாருங்கள். அந்த அளவோடு இரு முனையிலும் வைக்கும் மெத்தைக்காக ஐந்து முதல் எட்டு செ.மீ. சேர்த்தால் பெட்டியின் உள்நீளம் கிடைக்கும். கடையில் அட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளிநீளம் என்பதையும் கவனியுங்கள்.

இன்று கிடைக்கும் கடினப் பெட்டிகளில் பல, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பாதிகளாக வருகின்றன. தேவையான நீளத்துக்கு இழுத்து, வரிசையாக உள்ள துளைகளில் ஒன்றில் ஊசியைச் செருகிப் பூட்ட வேண்டும். வீட்டில் வெவ்வேறு நீளத்தில் ஸ்கீ வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. துளைகள் சில செ.மீ. இடைவெளியில்தான் இருக்கும் என்பதால், உங்கள் ஸ்கீக்கு மிகச் சரியான நீளம் அநேகமாக அமையாது. அடுத்த பெரிய துளையில் பூட்டி, மிஞ்சும் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

ஒரு சோடிப் பெட்டியா, இரண்டு சோடிப் பெட்டியா?

கணவன் மனைவி இருவரும் சறுக்குவதாக இருந்தால் இரண்டு சோடிப் பெட்டி ஒன்று போதும். தனியாள் என்றால் ஒரு சோடிப் பெட்டியே நல்லது. பெரிய பெட்டியில் ஒற்றைச் சோடி கிடந்து ஆடும், அதை நிறுத்த நீங்கள் திணிக்கும் துணிமணியால் எடை ஏறும். அகலத்தையும் பாருங்கள். ஆழப் பனிக்கென்று செய்யப்பட்ட ஸ்கீகள் காலடியில் 110 மி.மீ.க்கும் மேல் அகலமாக இருக்கும், அவற்றின் நுனி அதைவிட அகலம். அப்படிப்பட்ட இரண்டு சோடிகள் பழைய குறுகிய பெட்டியில் நுழையாமல், வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொடுக்க வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் பிளாஸ்ரிக்தானே? எதைப் பார்த்து வாங்குவது?

பிளாஸ்ரிக்கிலும் வேறுபாடு உண்டு. அடர்த்தி கூடிய பொலிஎதிலீனால் ஆன பெட்டி, அழுத்தினால் சற்று நெளிந்து கொடுத்து மீண்டும் பழைய வடிவத்துக்கு வரும்; கடுங்குளிரிலும் எளிதில் வெடிக்காது. பொலிகாபனேற்றும் குளிருக்குத் தாங்கும். மலிவான ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக் அறை வெப்பத்தில் உறுதியாகத் தெரிந்தாலும் கல்கரி ஓடுபாதையில் மறை 25 பாகைக் குளிரில் நிற்கும்போது நொறுங்கும் தன்மை அடையலாம். மூலைகளிலும் திருகாணி இறங்கிய இடங்களிலும்தான் முதலில் பிளவு விழும்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது பிளாஸ்ரிக்கை அல்ல, சில்லுகளை. அவை அகலமாகவும், உடைந்தால் கழற்றி மாற்றக்கூடிய வகையில் திருகாணியால் பொருத்தப்பட்டும் இருக்க வேண்டும். அடுத்து, பெட்டியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாகவோ தட்டையாகவோ இருந்தால் அது பொதிகளுக்கு நடுவே உருளாது, கார்க் கூரையிலும் அசையாமல் இருக்கும். கைப்பிடி நடுவில் ஒன்றும் முனையில் ஒன்றுமாக இரண்டு இருந்தால் நல்லது. ஒரு கைப்பிடி மட்டுமே உள்ள நீண்ட பெட்டியைச் சுமப்பவர் கடைசியில் அதை இழுத்துக்கொண்டுதான் போவார்.

ஒரு பொதிக்கான 23 கிலோ வரம்புக்குள் அடங்குமா?

ஒரு சோடி என்றால் தாராளமாக அடங்கும். பைண்டிங், அதாவது சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, அதோடு சேர்த்து ஒரு சோடி ஸ்கீ ஐந்து முதல் ஏழு கிலோ வரை வரும். சறுக்கும்போது கையில் ஊன்றும் தடிகள் அரைக் கிலோ. பெட்டி அதன் அளவைப் பொறுத்து ஐந்து முதல் எட்டுக் கிலோ. ஆறரைக் கிலோப் பெட்டியில் ஆறு கிலோ ஸ்கீயும் தடியும் வைத்தால் 13 கிலோ. இரண்டாவது சோடியும் தடிகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 19 அல்லது 20. மிச்சம் மூன்று கிலோதான் என்பதை மறந்து சப்பாத்தையும் உள்ளே போட்டவர்கள் கருமபீடத்தின் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது வழக்கமான காட்சி. வீட்டிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, வித்தியாசத்தைப் பாருங்கள்.

நீளத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். சாதாரணப் பொதிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. என்பது பொதுவான வரம்பு. ஸ்கீப் பெட்டி அதைத் தாண்டாமல் இருக்க முடியாது. வட அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் பலவும் ஸ்கீக்கு இந்த நீள வரம்பைத் தளர்த்துகின்றன. ஒரு ஸ்கீப் பொதியையும் ஒரு சப்பாத்துப் பையையும் சேர்த்து ஒரே பொதியாகக் கணக்கிடும் வழக்கமும் பரவலாக உண்டு. எடைக்கு அந்தத் தளர்வு கிடையாது. உங்கள் பயணச்சீட்டை வழங்கிய நிறுவனத்தின் விதியை, புறப்படும் கிழமையில் ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்லுங்கள். இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் மாறிச் செல்வதாக இருந்தால் இரண்டின் விதியையும் வாசிக்க வேண்டும்.

சரி, பெட்டி வாங்கிவிட்டேன். எந்த ஒழுங்கில் அடுக்குவது?

முதலில் ஸ்கீயைத் துடைத்துக் காயவையுங்கள். முடிந்தால் அடித்தளத்தில் சூடாக மெழுகு பூசி, அதைச் சுரண்டாமல் அப்படியே விடுங்கள். அந்த மெழுகுப் படலம் தளத்தைக் கீறலிலிருந்தும் உருக்கு விளிம்பைத் துருவிலிருந்தும் காக்கும், போய்ச் சேர்ந்த பிறகு சுரண்டிக்கொள்ளலாம். பிறகு அடியோடு அடி சேர்த்து, நுனிக்குக் கீழே ஒன்றும் வாலுக்கு மேலே ஒன்றுமாக இரண்டு றப்பர்ப் பட்டிகளால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு தளங்களும் தொடும் இடங்களில் ஒரு துண்டுத் துணி வையுங்கள். விளிம்பு விளிம்பை அறுக்காமல் இருக்க இது உதவும். பைண்டிங்கின் பிரேக் கம்பிகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். அவை வெளியே விரிந்து பெட்டியில் இடித்தால், தடித்த றப்பர் வளையம் ஒன்றால் மேலே இழுத்துக் கட்டலாம். அந்த வளையத்தை மலையில் கழற்ற மறந்தால், ஸ்கீ கழன்று ஓடும்போது பிரேக் விழாது. ஆகவே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு சோடிகள் வைப்பதாக இருந்தால் ஒன்றின் நுனியும் மற்றொன்றின் வாலும் ஒரே பக்கம் வரும்படி மாற்றிப் படுக்க வையுங்கள். பைண்டிங், ஸ்கீயின் நட்டநடுவில் இல்லாமல் சற்று வால் பக்கமாகத் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், இப்படி மாற்றினால் இரண்டு சோடிகளின் பைண்டிங்குகளும் ஒன்றின் மேலொன்று ஏறாமல் விலகிக்கொள்ளும். பெட்டியும் சிரமமில்லாமல் மூடும். தடிகள் ஸ்கீகளுக்குப் பக்கவாட்டில் உள்ள இடைவெளியில் போகும். தடியின் கூர் முனையில் ஒரு தக்கையோ பழைய காலுறையோ மாட்டுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. சில்லு உள்ள முனைதான் பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது தரையைத் தொடும் முனை. எல்லா எடையும் அங்கேதான் இறங்கும். அந்த முனையில் கையால் அழுத்தினால் மெதுவாகக் கொடுக்கும் அடர்த்தியான ஸ்பொஞ்ச், குறைந்தது மூன்று செ.மீ. தடிப்பில் வையுங்கள். மறுமுனைக்கும் அதே. பக்கவாட்டு இடைவெளிகளுக்கு நான் கண்டதில் மிகச் சிறந்த பொருள் பழைய பருத்திச் சாரம்: மடிக்கலாம், சுருட்டலாம், பைண்டிங்கைச் சுற்றலாம், எடையும் இல்லை, மலையில் துவாயாகவும் பயன்படும். எல்லாம் வைத்து மூடிய பின் பெட்டியை நிமிர்த்தி, சாய்த்து, ஒருமுறை புரட்டுங்கள். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் திறந்து இன்னும் அடையுங்கள்.

சப்பாத்தையும் அதற்குள்ளேயே வைக்கலாமா?

இடம் இருந்தாலும் வைக்காதீர்கள். மேலே எடைக் கணக்கில் சொன்னது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பெட்டி வந்து சேராவிட்டால் ஸ்கீயை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். காலுக்கென்று சூடாக்கி வடிவமைத்த சப்பாத்துக்கு மாற்று இல்லை. ஸ்கீச் சப்பாத்தை விமானத்தின் உள்ளே கைப்பொதியாகக் கொண்டுசெல்லலாம். தடிகளுக்கு அந்த அனுமதி இல்லை. கொக்கிகளை மாட்டியே வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்ரிக் வாய் விரிந்த நிலையில் இறுகிவிடும். சப்பாத்தின் குழிக்குள் காலுறைகளையும் கையுறைகளையும் திணித்தால் இடமும் மிச்சமாகும்.

பெட்டியில் மிஞ்சும் இடத்தில் உடுப்புகளை அடைத்தால் ஒரு பெட்டிக் கட்டணம் மிச்சம்தானே, அண்ணா?

செய்யலாம், எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். சறுக்கும் காற்சட்டை, உள்ளாடைகள், தடித்த மேலங்கி ஆகியவை அசைவை நிறுத்தும் நல்ல அடைப்பாகவும் பயன்படும். சில விமான நிறுவனங்கள் ஸ்கீப் பொதியில் ஸ்கீ சாமான்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. திறந்து பார்த்து மற்றவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வாதாட முடியாது. சறுக்கும்போது அணியும் உடுப்புகளோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை வராது. ஊருக்குக் கொண்டுபோகும் மிக்சர்ப் பொட்டலங்களை அதற்குள் வைக்க வேண்டாம். வைத்தவர் ஒருவரின் ஸ்கீயிலிருந்து மிளகாய் எண்ணெயைத் துடைத்து எடுத்திருக்கிறேன்.

எந்தப் பூட்டுப் போடுவது? உடைத்துவிடுவார்களாமே?

கனடாவுக்குள் பறந்தாலும் பரிசோதனைக்காகப் பொதியைத் திறக்கும் அதிகாரம் விமான நிலையப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு உண்டு. யூட்டா, கொலராடோ போன்ற அமெரிக்க மாநிலங்களுக்குப் போவதாக இருந்தால், டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) அலுவலர்களின் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய பூட்டையே போடுங்கள். வேறு பூட்டாக இருந்தால் வெட்டி எடுப்பார்கள், அதற்கு ஈடு கிடைக்காது. அந்தப் பொதுச் சாவிகளின் படம் சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் வெளியாகிவிட்டது. ஆகவே அந்தப் பூட்டு கள்ளனுக்கு ஒரு தடை என்று எண்ண வேண்டாம்; வழியில் பெட்டி தானாகத் திறந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அது.

பூட்டைவிட நான் அஞ்சுவது திறந்தவர் திரும்ப அடுக்கும் விதத்தை. நீங்கள் அரை மணி நேரம் செலவழித்து அடுக்கியதை அவர் இரண்டு நிமிடத்தில் மூட வேண்டும். அடுக்கி முடித்ததும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, அதை அச்சிட்டு மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து அதேபோல் வைத்து அனுப்பியிருந்ததை இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.

விமானத்தில் ஏற்றும் முன் பைண்டிங்கின் எண்ணைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். விழும்போது சப்பாத்து எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், சப்பாத்தின் அடிநீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கடையில் வைத்துத் தந்திருப்பார்கள். ஒரு பயணத்துக்காக அதைக் குறைத்துவிட்டு, மலையில் ஞாபகத்திலிருந்து திரும்ப வைப்பவர் தம் முழங்காலோடு விளையாடுகிறார். இருக்கும் எண்ணை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் அதே எண்தானா என்று மட்டும் பாருங்கள்.

சூடேற்றும் காலுறை, பனிச்சரிவுக் காற்றுப்பை, மெழுகு இவற்றையெல்லாம் பெட்டியில் போடலாமா?

சூடேற்றும் காலுறையின் லித்தியம் பற்றரிகளைக் கழற்றிக் கைப்பொதியில் வையுங்கள். தனியாக உள்ள லித்தியம் பற்றரியோ பவர் பாங்கோ விமானத்தின் அடியில் போகும் பொதியில் இருக்கக் கூடாது. கட்டி மெழுகு, சுரண்டி, அரம், திருகாணிச் செலுத்தி எல்லாம் பெட்டியில் போகலாம். தீப்பற்றக்கூடிய மெழுகு நீக்கித் திரவத்தையும் அந்த வகைத் தெளிப்பான்களையும் கொண்டுபோகாதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சிறு கண்காணிப்பு வில்லை வைக்க விரும்பினால் தாராளமாக வைக்கலாம். அதன் நாணய அளவுப் பற்றரி வரம்புக்கு உட்பட்டது, பிளாஸ்ரிக் பெட்டி சமிக்ஞையையும் மறைக்காது.

பனிச்சரிவில் சிக்கினால் விரிந்து ஆளைப் பனியின் மேலே வைத்திருக்க உதவும் காற்றுப்பை சற்றுச் சிக்கலானது. அழுத்திய வாயு உருளையால் விரியும் வகையை, விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு ஒருவர் ஒன்று வீதம் கொண்டுசெல்லப் பன்னாட்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. அமெரிக்க விமான நிலையங்களில் நிரப்பிய உருளையை அனுமதிப்பதில்லை. வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்ப வேண்டும். மின்விசிறியால் விரியும் புதிய வகைக்கு உருளைத் தொல்லை இல்லை, அதற்குப் பற்றரி விதி பொருந்தும்.

பிள்ளைகளின் ஸ்கீயையும் சேர்த்து வைக்கலாமா? மகனின் ஸ்னோபோர்ட்?

நூறு செ.மீ. அளவுள்ள பிள்ளைகளின் ஸ்கீ இலகுவானது. பெரியவர் சோடியின் பக்கத்தில் ஓரமாகச் சேர்த்துக் கட்டினால் போய்விடும். நீளத்தில் பாதியளவே இருப்பதால் அது முன்னும் பின்னும் ஓடும். பெரிய ஸ்கீயோடு அதைப் பட்டியால் பிணைத்துவிடுங்கள், தனியாகக் கிடக்க விடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் வளரும் பிள்ளைக்கு நான் வாடகையைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்னோபோர்டின் அகலம் ஏறத்தாழ 25 செ.மீ. வரும், சாதாரண ஸ்கீப் பெட்டிக்குள் அது நுழையாது. அதற்குத் தனிப் பை வேண்டும்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் விளிம்பெல்லாம் செம்மஞ்சளாக இருந்தது. பெட்டி பழுதா?

பெட்டி காற்றுப் புகாமல் மூடுகிறது, அதுதான் காரணம். கடைசி நாள் மாலை வரை சறுக்கிவிட்டு, ஈரத்தோடு மூடி, இரண்டு நாள் கழித்து வீட்டில் திறந்தால் உருக்கு விளிம்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். துணிப் பையில் ஈரம் மெல்ல வெளியேறும், இதில் வழியில்லை. விடுதி அறையில் ஓர் இரவு காயவிட்டு, விளிம்பைக் காய்ந்த துணியால் துடைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈர உறிஞ்சிப் பொட்டலங்கள் நான்கைந்தைப் போட்டு மூடுங்கள். வீடு வந்ததும் அன்றே திறந்துவிடுங்கள். குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், உலர்ந்த ஸ்கீயிலும் நீர்த்துளி படியும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை துடைக்க வேண்டும். மேற்பூச்சுத் துருவை மென்மையான தேய்ப்புக் கட்டியால் எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம்.

கல்கரியில் இறங்கிச் சின்ன விமானத்தில் ஏற வேண்டும். நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. இதற்கு என்ன செய்வது?

கிரான்புரூக், காம்லூப்ஸ் போன்ற சிறிய நிலையங்களுக்குப் போகும் விமானங்களில் பொதியறை சிறியது. நீளமான பொதிகள் அடுத்த விமானத்தில் வருவது அபூர்வமல்ல. முன்பதிவு செய்யும்போதே ஸ்கீ இருப்பதைச் சொல்லிப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய நிலையத்தில் இறங்கி மிச்சத் தூரத்தைப் பேருந்தில் போக வழியிருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். பான்ஃபுக்கும் விசிலருக்கும் இந்தச் சிக்கலே எழுவதில்லை. நீளமான பொதிகள் வழக்கமான சுழல்பட்டியில் வராமல் பெரிய பொதிகளுக்கான தனி வாசலில் வரும். பட்டியின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று, பெட்டி தொலைந்தது என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் அந்த வாசலின் சுவரில் தன் பெட்டி சாய்ந்து நிற்பதைக் கண்டவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார். அவர் நான்தான்.

பெட்டிக்கு வெளியே ஒன்றுமில்லை, உள்ளே ஸ்கீ உடைந்திருக்கிறது. நட்டஈடு கிடைக்குமா?

முயலலாம், அதற்கு நேரம் முக்கியம். பன்னாட்டுப் பயணத்துக்குரிய 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி, பொதி கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் சேதத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும்; தாமதமாக வந்த பொதிக்கு 21 நாட்கள். கனடாவுக்குள் பறப்பவர்களுக்கும் 2019இல் நடைமுறைக்கு வந்த பயணிகள் பாதுகாப்பு விதிகள் இதையொத்த உரிமையைத் தருகின்றன. பொதிக்காகச் செலுத்திய கட்டணத்தையும் திருப்பிக் கேட்கலாம். பொறுப்பின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர்.

வெளியே கீறலே இல்லாதபோது, ‘உள்ளே சரியாக அடைக்கவில்லை’ என்பதுதான் விமான நிறுவனத்தின் முதல் பதிலாக இருக்கும், முதல் கேள்வியில் நான் சொன்ன ஸ்கீயின் உரிமையாளருக்கும் அதே பதில்தான் வந்தது. மூடியில் ஒட்டுவதற்காக எடுத்த அந்தப் படம் இங்கே இரண்டாவது முறை உதவும். ஆகவே விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். விளிம்பு நெடுகிலும் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். தட்டுப்படும் இடத்தில் உருக்கு வளைந்திருக்கும். நுனியையும் வாலையும் பக்கவாட்டில் பார்த்து அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிரேக்கைக் கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள், துள்ளிக்கொண்டு விழ வேண்டும்.

கடைசியாக ஒன்று: விமானத்தில் ஏறிவிடும், ஆனால் காரில் ஏறுமா?

இதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். 185 செ.மீ. பெட்டி சாதாரணக் காரின் பின்னிருக்கையை மடித்தால்தான் நுழையும். நால்வர் போகும் குடும்பத்துக்கு அது சரிவராது. கூரையில் கட்டுவதாக இருந்தால் வழுக்கும் பிளாஸ்ரிக்குக்கு அடியில் ஒரு றப்பர் விரிப்புப் போட்டு, முன்னும் பின்னும் தனித்தனிப் பட்டியால் இறுக்கி, சில்லு உள்ள முனை பின்பக்கம் வரும்படி வையுங்கள். ஐந்து கிலோமீற்றர் ஓட்டிய பின் ஒருமுறை நிறுத்திப் பட்டிகளை மீண்டும் இறுக்க வேண்டும். வாடகைக் கார்களுக்குக் கூரையில் கம்பிகள் இருப்பது அரிது. வன்கூவரில் இறங்கி விசிலருக்குப் பேருந்தில் போவதே அங்கே நான் கண்ட சுலபமான வழி, பெட்டியைப் பேருந்தின் அடியறையில் நெடுக்காகப் படுக்க வைத்துவிடுவார்கள்.